சாய்தளத்தின் வாயில் ஒரு வரப்பு

என்னைத் தூக்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. இரண்டு வயதில் காய்ச்சல் வந்து கால்கள் விளங்காமல் போனதிலிருந்து, எங்கெல்லாம் படி இருந்ததோ அங்கெல்லாம் யாராவது ஒருவர் குனிந்து, அக்குளுக்கடியில் கையைக் கொடுத்து, என்னை மேலே ஏற்றி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன், பஸ்ஸில் கண்டக்டர், திருவிழாவில் முகம் தெரியாத ஆட்கள். பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். ஆனால் ஒருவரும் "தூக்கட்டுமா" என்று கேட்டதில்லை. சின்னவளாக இருந்தபோது அது ஊஞ்சல் மாதிரி இருந்தது. வயதுக்கு வந்த பிறகு ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றப் பெண்களைத் தெரியாமல் இடித்துவிட்டால்கூட மன்னிப்புக் கேட்கிற ஆம்பிளைகள், என்னை மட்டும் மூட்டையைப்போல இடுப்பில் பிடித்துத் தூக்கினார்கள்.

அப்பாவை இந்தக் கணக்கில் நான் சேர்த்ததில்லை. உப்பளத்தை ஒட்டிய வீடுகளுக்கு வாசற்படி உயரமாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. காலையில் அப்பா என்னை அந்தப் படிக்கு மேலாகத் தூக்கி வெளியே கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் உட்கார வைப்பார். சாயங்காலம் திரும்பத் தூக்கி உள்ளே கொண்டுபோவார். அவரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. அது கதவைத் திறந்து மூடுவதுபோல நடந்துகொண்டிருந்தது.

சுனாமி அலை வந்த மறு வருஷம் எங்கள் கரைக்கு நிறைய தொண்டு நிறுவனங்கள் வந்தன. அதில் ஒன்று கம்ப்யூட்டர் மையம் வைக்க முன்வந்தது. கடலில் அலை எப்படி, காற்று எப்படி, மழை உண்டா என்று தினமும் காலையில் இன்டர்நெட்டில் பார்த்து ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். அதையே மையத்தின் வலைப்பக்கத்திலும் போட வேண்டும். கரையோர மீனவர் குப்பத்துக்கு அலைச் செய்தியும் காற்றுச் செய்தியும் வேண்டும். உப்பளத்துக்காரர்களான எங்களுக்கு மழைச் செய்தி வேண்டும், வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூடுவதற்குள் ஒரு மழை வந்தால் பாதி கரைந்துவிடும். அந்த வருஷம் எல்லோரும் வானத்தையும் கடலையும் பழைய நம்பிக்கையோடு பார்க்கவில்லை. அதனால் மையம் திறக்கும் முன்பே அதற்கு ஊரில் நல்ல மதிப்பு.

நான் அஞ்சல் வழியில் பி.காம். முடித்து, திண்டிவனத்தில் கம்ப்யூட்டரும் கற்றிருந்தேன். என்னை மையத்தின் பொறுப்பாளராகப் போட்டார்கள். தகுதி மட்டுமே காரணம் என்று நான் ஏமாறவில்லை. பணம் கொடுக்கிற நிறுவனம் ஊனமுற்ற ஒருவரை வேலைக்கு வைக்கச் சொல்லியிருந்தது. மாற்றுத்திறனாளி என்ற சொல் அப்போது எங்களுக்கு வந்து சேரவில்லை. எந்தக் காரணமாக இருந்தால் என்ன, வேலை வேலைதானே என்று எடுத்துக்கொண்டேன்.

புதுச்சேரியிலிருந்து வந்த ஒருங்கிணைப்பாளர் மேடம் என்னிடம் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் தமிழ் நகல் ஒன்றைக் கொடுத்தார். சட்டம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. அப்படி ஒன்று இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பொதுக் கட்டடங்களில் சாய்தளம் அமைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. கூடவே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்றும் இருந்தது. எழுதியவர்களே ஒரு புறவாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அதற்கு உலக அளவில் தனி விதிகள் இருப்பதாக மேடம் சொன்னார். வலைப்பக்கத்தில் படம் போட்டால் அது என்ன படம் என்று எழுத்திலும் சொல்ல வேண்டும், மவுஸ் பிடிக்க முடியாதவர் விசைப்பலகையால் மட்டுமே எல்லாவற்றையும் செய்ய முடிய வேண்டும், பார்வையில்லாதவரின் கம்ப்யூட்டர் அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்க முடிய வேண்டும். பணம் கொடுப்பவர்கள் இதிலெல்லாம் சட்டத்தைவிடக் கறார். ஆள் அனுப்பிச் சோதிப்பார்கள். கட்டடமும் பக்கமும் தேறாவிட்டால் மையத்தைக் கிளியனூருக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மெயின் ரோட்டின் மேலேயே தயாராக ஒரு கட்டடம் இருந்தது. மையம் கிளியனூருக்குப் போனால் என் வேலை போனதுபோலத்தான். தினமும் பஸ் ஏற வேண்டும், தினமும் ஒரு கண்டக்டர் தூக்க வேண்டும். அதற்கு நான் வீட்டிலேயே இருந்துகொள்வேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன்.

மையத்துக்கான கட்டடம் உப்பளத்துக்குப் போகிற மண் ரோட்டின் ஓரத்தில் எழுந்தது. கட்டியவர் எனக்கு மாமா முறை ஆகிற கொத்தனார். உப்பளத்தில் வாய்க்கால், மதகு, தொட்டி எல்லாம் அவர் கைவேலைதான். சாய்தளத்தை அவர் அழகாகக் கட்டியிருந்தார். சரிவு கணக்காக இருந்தது, இரண்டு பக்கமும் பிடிச்சுவர், சறுக்காமல் இருக்கச் சொரசொரப்பான தளம். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, சாய்தளம் தரையைத் தொடுகிற இடத்தில், வாயை அடைத்தாற்போலக் குறுக்கே முக்கால் சாண் உயரத்துக்கு சிமென்ட்டில் ஒரு வரப்பும் வைத்திருந்தார்.

நான் வண்டியை அதற்குமுன் நிறுத்தினேன்.

"மாமா, இன்னா இது?"

"வரப்பு."

"வரப்புன்னு தெரியுது. எதுக்கு?"

"சரிவு மொட்டையா நின்னா தண்ணி வந்து அடியில நிக்கும்மா. உப்புத் தண்ணி. ரெண்டே மழையில சிமென்ட்ட தின்னுடும். அணை போடாம நான் எந்த வேலையும் வுட்டதில்ல."

"நான் எப்படி ஏறுறது?"

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். நான் கேட்டது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "தூக்கிவுட்டா போச்சு. இதுக்கு ஆளா இல்ல ஊர்ல?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பிறந்ததிலிருந்து பாத்தியும் வரப்புமாகப் பார்த்த மனிதர். சரிவான ஒரு தரையை முட்டுக்கட்டை இல்லாமல் விட அவர் கை வராது. அப்படி விட்டால் உப்பளத்தில் தண்ணீர் ஓடிவிடும், பிழைப்பு போய்விடும். ஆனால் சாய்தளத்தில் ஏற வேண்டியது நான். அன்று அவரிடம் கத்தினேன். அவரும் கத்தினார். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று அப்பாவிடம் புகார் போனது. "தூக்குறதுக்கு நான் இருக்கேன் இல்ல" என்று மட்டும் அப்பா சொன்னார்.

மேடம் வந்து பார்த்தார். சரிவை டேப் வைத்து அளந்து திருப்திப்பட்டார். வரப்பைக் காட்டியபோது முகம் சுருங்கியது. உடைத்துப் பூசினால் காய நாளாகும், சோதனை நெருங்கிவிட்டது, அன்றைக்கு ஒரு நாள் மட்டும் நாலு பேர் பிடித்துக்கொள்ளட்டும், அப்புறம் சரி செய்துகொள்ளலாம் என்றார். அதற்குள் திறப்பு விழாவுக்காக வரப்பின்மேல் காவியும் வெள்ளையுமாகப் பட்டை வேறு அடித்துவிட்டார்கள். பணம் கொடுப்பவர்களுக்கு அனுப்பிய போட்டோவில் அது சாய்தளத்துக்குக் கட்டிய சரிகைக் கரைபோல அழகாக இருந்தது.

சோதனைக்கு வந்தவர் பார்வையில்லாதவர். இது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஐம்பது வயதிருக்கும், வெள்ளைக் கோல், தோளில் லேப்டாப் பை. வெயிலில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு சிடுசிடுவென்று இறங்கினார். மாலைக்குத் தயாராக நின்றவர்களிடம் மாலை வேண்டாம், தண்ணீர் கொடுங்கள் என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

கோல் சாய்தளத்துக்கு வழி காட்டியது. பிடிச்சுவரைத் தொட்டுப் பார்த்து, சரிவு தொடங்கிவிட்டது என்று தைரியமாக எட்டு வைத்தார். வரப்பு தடுக்கியது. விழவில்லை, மேடம் பிடித்துக்கொண்டார். அவர் அந்தக் கையை விலக்கிவிட்டு, கோலால் வரப்பை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தட்டிப் பார்த்தார். அதைத் தாண்டி உள்ளே போனார். மற்றவர்களும் அவர் பின்னால் போனார்கள்.

நான் வெளியே வண்டியில் இருந்தேன். மேடம் உள்ளேயிருந்து கண்ணைக் காட்ட, தயாராக நின்ற நாலு பேர் என்னிடம் வந்தார்கள். அப்பாவும் தோள் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். ஒருவர் வண்டியின் பின்பக்கத்தைப் பிடித்தார்.

"தொடாதீங்க."

சத்தமாகவே சொன்னேன். பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன். பயத்திலா, கோபத்திலா என்றால் இரண்டிலும்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் வேலை போகப்போகிறது, அதையும் நானே போக்கடிக்கிறேன் என்று தெரிந்தது. ஆனாலும், நான் பொறுப்பாளர் என்று பெயர் போட்ட கட்டடத்துக்குள் முதல் தடவை மூட்டையாகப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். நாலு பேரும் விலகினார்கள். அப்பா நீட்டிய கைகளை என்ன செய்வது என்று தெரியாதவர்போலத் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். அவரைப் பார்க்காமல் நான் வாசலைப் பார்த்தேன்.

கதவு திறந்திருந்ததால் உள்ளே நடந்தது எல்லாம் எங்களுக்குக் கேட்டது. சோதனைக்காரர் தன் லேப்டாப்பில் மையத்தின் வலைப்பக்கத்தைத் திறந்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற மென்பொருள் அதில் இருந்தது. இயந்திரக் குரல் ஒன்று "கிராஃபிக்" என்றது, அதாவது படம். அவர் விசையைத் தட்டினார். "கிராஃபிக்." இன்னொரு முறை. "கிராஃபிக்." பக்கம் முடிகிறவரை அது வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்தை உருவாக்கியது சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கிருந்து ஒருவர் வந்திருந்தார். வலைப்பக்கம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கடல் நீலத்தில் பெரிய பெரிய எழுத்து. ஆனால் தமிழும் இங்கிலீஷும் சேர்த்து எல்லா எழுத்தையும் படமாக ஆக்கிப் போட்டிருந்தார்கள்.

"ஃபான்ட் பிரச்சனை சார்" என்றார் கம்பெனிக்காரர். "எழுத்தா போட்டா வேற கம்ப்யூட்டர்ல தெறக்கும்போது பூச்சி பூச்சியா வரும். அதனால படமா போட்டுட்டோம். எங்க தெறந்தாலும் அழகா தெரியும்."

"எனக்கு?"

"நான் படிச்சுக் காட்டறேன் சார்."

வெளியே நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கொத்தனார் மாமா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "இன்னா சிரிப்பு?" என்றார்.

"அந்த ஆளும் சரிவு கட்டிட்டு அணை போட்டிருக்காரு மாமா. இப்ப தூக்கிவுடறேன்னு சொல்றாரு."

மாமா வாசலை எட்டிப் பார்த்தார். உள்ளே சோதனைக்காரரின் குரல் உயர்ந்தது. "படிச்சுக் காட்ட வீட்ல என் சம்சாரம் இருக்காங்க. அதுக்கு நான் எதுக்கு இவ்ளோ தூரம் பஸ் புடிச்சு வரணும்?" பிறகு அவர், இந்த மையத்தின் பொறுப்பாளர் எங்கே என்று கேட்டார். வெளியே இருப்பதாக மேடம் சொன்னார். ஏன் என்று கேட்டார்.

நான் வண்டியிலிருந்தே சொன்னேன். "வாசல்ல வரப்பு இருக்குது சார். ஏற முடியல."

"நானும் பாத்தேன்" என்றார்.

பார்வையில்லாதவர் பார்த்தேன் என்றதற்குச் சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் விழித்தார்கள். அவர் கோலைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்து, வரப்பின்மேலேயே உட்கார்ந்துகொண்டார். காவியும் வெள்ளையும் அவர் பேன்ட்டில் ஒட்டியிருக்கும். தினமும் என்னென்ன செய்தி எடுப்பேன், எங்கிருந்து எடுப்பேன், மின்சாரம் போனால் என்ன செய்வேன் என்று வரிசையாகக் கேட்டார். நான் பதில் சொன்னேன். ஒலிபெருக்கியில் சொன்னால் காது கேட்காதவர் என்ன செய்வார் என்றும் கேட்டார். அதை யோசிக்கவில்லை என்றேன். யோசித்து வையுங்கள் என்றார். கடைசியில், சாயங்கால பஸ்ஸுக்குத்தான் கிளம்புவேன், அதற்குள் நீங்களாக உள்ளே போனால் போனதாக எழுதுவேன், போகாவிட்டால் போகவில்லை என்று எழுதுவேன் என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

மேடம் கடப்பாரை கொண்டுவரச் சொன்னார். மாமா குறுக்கே வந்து நின்றார்.

"ஒடைக்கக் கூடாது. ஒடைச்சா சரிவே வெடிச்சுடும்." கொஞ்ச நேரம் வரப்பையே பார்த்தார். என் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார். அவ்வளவு நாளில் அவர் அந்தச் சக்கரத்தைக் கவனித்துப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். "அணை இருக்கட்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மண்ணு போட்டு மிதிச்சுட்டா வண்டி தன்னால ஏறி எறங்கும். ஏம்பா, களிமண்ணு கொண்டாங்கப்பா."

முதலில் கூடையை எடுத்துக்கொண்டு போனது அப்பா.

உப்பளத்தில் வருஷத் தொடக்கத்தில் பாத்தியை மிதிப்பார்கள். களிமண்ணைப் பரப்பி, ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, குதிகாலையும் முன்காலையும் மாற்றி மாற்றி வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இறுக்குவார்கள். தரை சிமென்ட் மாதிரி ஆகிவிடும். அதை எத்தனையோ தடவை வண்டியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அன்று கம்ப்யூட்டர் மையத்தின் வாசலில் மிதித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். குப்பத்து ஆட்கள் மணல் கொண்டுவந்து தூவினார்கள். மிதித்துப் பழக்கமில்லாத கம்பெனிக்காரரும் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி, எல்லோருக்கும் குறுக்கே வந்து திட்டு வாங்கினார். சோதனைக்காரர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன நடக்கிறது என்று மேடம் விளக்க ஆரம்பித்தபோது, தெரிகிறது என்று நிறுத்திவிட்டார்.

வெயில் இறங்கும்போது மாமா பலகையால் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, "வாம்மா" என்றார்.

நான் போனேன். மண் இன்னும் முழுக்க இறுகவில்லை, சக்கரம் கோடு போட்டது. வரப்பின் உச்சியில் வண்டி ஒரு கணம் நின்றது. பின்னால் யாரோ கையை நீட்டுகிற அசைவு தெரிந்தது. "வுடு, அவளே போவட்டும்" என்று மாமா அதட்டினார். நான் இரண்டு கையாலும் கைப்பிடியைச் சுற்றினேன். அந்தப் பக்கம் இறங்கி, சரிவில் ஏறி, வாசலைத் தாண்டி, கம்ப்யூட்டர் மேஜைவரை போய் நின்றேன். உள்ளே புதுச் சுண்ணாம்பு வாசனை. யாரும் கைதட்டவில்லை, அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மையம் எங்கள் ஊரிலேயே நின்றது. கட்டடம் தேறியது, வலைப்பக்கம் தேறவில்லை. எழுத்தை எழுத்தாகவே போட வேண்டும் என்று அவர் குறித்துவிட்டுப் போனார். கம்பெனி அதைச் செய்கிறேன் செய்கிறேன் என்று இழுத்தடித்தது. கடைசியில் அடுத்த வருஷம் நானே கற்றுக்கொண்டு மாற்றினேன். காது கேட்காதவர்களுக்காகச் செய்திக்குத் தகுந்த நிறத்தில் கூரையில் கொடி ஏற்றும் பழக்கமும் அதற்கப்புறம் வந்ததுதான். அந்த ஐப்பசி மழையில் வாசல் மண் கரைந்தது. மழை விட்டதும் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் போகிற போக்கில் மிதித்துவிட்டுப் போனார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. மாமா சொன்னபடி வரப்பு தண்ணீரைத் தடுக்கவும் செய்தது. அதை அவர் என்னிடம் அவ்வப்போது சொல்லிக் காட்டுவார்.

அதெல்லாம் பிறகு நடந்தது. சோதனைக்காரரை பஸ் ஏற்றிவிட்டு, மையத்தைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பியபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா எனக்கு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தார். நான் தொடாதீங்க என்று சொன்னது அவருக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டிருப்பாரோ என்று வழியெல்லாம் உறுத்தியது. அவருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன் என்பதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டு வாசலில் களிமண் கொட்டியிருந்தது. அப்பா ஒற்றை ஆளாக அதன்மேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தார். வாசற்படியின் உயரத்துக்கு மண் ஏறியிருந்தது, ரோடு வரைக்கும் சரிவாக இழுத்துவிட்டிருந்தார். முழங்கால்வரை சேறு. நாலு பேர் மிதிக்க வேண்டிய மண். அது இன்னும் கொழகொழவென்றுதான் இருந்தது.

நான் வண்டியை நிறுத்தினேன். அவர் மண்ணையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஈரம் காயணும். நாளைக்கு வெயில்ல கெட்டியாயிடும்."

"சரிப்பா."

அவர் சேற்றிலிருந்து இறங்கி வந்தார். கைகளைத் துண்டில் நன்றாகத் துடைத்தார். குனிய வந்தவர், பாதியில் நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாளு தூக்கிக்கட்டுமா?" என்று கேட்டார்.